சாட்சி ஆருலே?

நம் பள்ளி மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு மூன்று முறை போன் வந்துவிட்டது. தலைமையாசிரியரின் பிரம்பு, ஆண்டுவிழா நாடகம், மைதானத்துப் புளியமரம் எல்லாவற்றையும் போன மலர்களிலேயே எழுதித் தீர்த்துவிட்டீர்கள். எனக்கு மிஞ்சியது சானல்கரை, அதாவது கால்வாய்க்கரை. அது பள்ளி மதிலுக்கு வெளியே இருப்பதால் இன்னும் யாரும் தொடவில்லை.

1981, ஒன்பதாம் வகுப்பு. நானும் என் கூட்டாளி ஒருவனும் நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். பெயரைப் போட்டால் "எதுக்குடே என்ன இழுக்க" என்பான். எனவே அவன் என்றே இருக்கட்டும். சாயங்காலம் பெல் அடித்ததும் பஸ் காசை மிச்சம் பிடித்துக்கொண்டு சானல்கரை வழியாக நடப்போம். வீடு போய்ச் சேருவதற்குள் ஆளுக்கு ஒரு கதை. கொலை, பேய், அதிசயம், இந்த மூன்றில் ஒன்று. ஆனால் உள்ளதாக இருக்க வேண்டும். உண்மையா என்று நம்மூரில் யார் கேட்கிறார்கள்? 'உள்ளதா?' என்றுதானே கேட்போம்.

கதை முடிந்ததும் கேட்டவன், "சாட்சி ஆருலே?" என்பான். பதில் இல்லையென்றால் மறுநாள் கடையில் இரண்டு ரசவடை தண்டம். சாட்சி ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பேப்பரில் வந்திருக்கலாம், போய்ப் பார்க்க ஓர் இடம் இருக்கலாம், தொட்டுப் பார்க்க ஒரு கல்லாவது இருக்கலாம். "எங்க சித்தப்பா சொன்னாரு" மட்டும் செல்லாது. சித்தப்பாக்கள் பேசுவதைப் பற்றி நமக்குத் தெரியாதா?

அவன் கொண்டுவருவது பெரும்பாலும் கொலைக் கேஸ். அவனுடைய பாட்டா கோட்டாற்றில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பொட்டலம் மடிக்க வாங்கும் பழைய பேப்பரை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பார். அந்தக் கடையிலிருந்துதான் ஆளவந்தார் கொலை எங்களுக்கு வந்தது. 1952-ல் மெட்ராஸில் பேனா வியாபாரம் செய்தவர். தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டியில் ரயிலேறி மானாமதுரையில் பிடிபட்டது; தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. நாங்கள் இந்தக் கதை பேசிய நாளில் நாகர்கோவிலுக்கு ரயில் வந்த புதிது. முதல் பயணத்தில் நான் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. எதிர் சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆனால் அவன் பெருமையாகச் சொன்னது வேறு கேஸ். "இது நம்ம ஊரு கேஸாக்கும்" என்று ஆரம்பித்தான். ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணன். சிரிப்பு நடிகர் என்றுதான் நான் அறிந்திருந்தேன். 1944 நவம்பர் 8-ஆம் தேதி, நடிகர்களைப் பற்றிக் கண்டதையும் எழுதிப் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தனை வேப்பேரியில் கத்தியால் குத்தினார்கள். குத்துப்பட்டவர் உடனே விழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, மறுநாள்தான் செத்தார். டிசம்பரில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கே.யையும் பிடித்தார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. கேஸ் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் ஹைகோர்ட்டு குற்றவாளிகள் இல்லை என்று விட்டுவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தாயிற்று.

"அப்போ குத்துனது ஆரு?"

"அதுதாம்லே கதை. இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

சாட்சி கேட்டேன். ஒழுகினசேரி பக்கம் கையைக் காட்டினான். ஊரே இருக்கிறதே, வேறென்ன கேட்க? வடை என் கணக்கில் ஏறவில்லை, அவன் கணக்கிலும் ஏறவில்லை.

என் சரக்கு எல்லாம் ஆச்சி தந்தது. கள்ளியங்காடு எங்கள் வழியிலேயே இருந்தது பெரிய வசதி. நீலி கதையை வில்லுப்பாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகப் பாடுவார்கள். ஆச்சி சொன்னது இது: நகைக்கு ஆசைப்பட்ட ஒருவன், தன் மடியில் தூங்குகிறவளின் தலையைக் கல்லின்மேல் இறக்கி வைத்து, இன்னொரு கல்லைப் போட்டுக் கொல்கிறான். பார்க்க ஒரு ஜீவன் இல்லை. அவள் சாகும்போது பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியிடம் "நீயே சாட்சி" என்கிறாள். மறுபிறவியில் அவன் வியாபாரியாக அதே வழியில் வருகிறான். நீலி எதிரே வருகிறாள். ஒடித்த கள்ளிக்கொப்பு அவள் இடுப்பில் பிள்ளையாக இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் அந்தப் பிள்ளை அவனைப் பார்த்து அப்பா என்று தாவுகிறது. ஊரார் நம்பி இருவரையும் ஒரு வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்து கதவைத் திறந்தால் அவன் பிணம்.

"கள்ளிச்செடி எல்லாம் சாட்சியாலே? வடைய எடு."

"அதுதான பிள்ளையா வந்து சாட்சி சொல்லிச்சு!"

இதற்கு வாரக்கணக்கில் சண்டை. கடைசியில் ஒரு வடை என்று பேசித் தீர்த்தோம். எனக்கு நீலியைக் கண்டு பயம் வந்ததே இல்லை, யாரைக் கொல்கிறோம், எதற்குக் கொல்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். தூங்கவிடாமல் செய்தது லட்சுமிகாந்தன் கேஸ்தான். குத்தியவன் கத்தியைக் கழுவிவிட்டு எங்கோ உட்கார்ந்து சாயா குடித்திருப்பான் என்று நினைத்தால் ஒன்றுக்கிருக்கக்கூட வெளியே போக மாட்டேன்.

சுசீந்திரம் கைமுக்கும் எங்கள் பட்டியலில் உண்டு. நம்பூதிரிகள்மேல் ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்டால் கொதிக்கிற நெய்யில் கையை விடவேண்டும். கை வேகவில்லை என்றால் குற்றமில்லை. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் நிறுத்தினார்கள். "ஆளு சாட்சி இல்லாட்டா கை சாட்சி" என்று அவன் சொன்னான். அதைச் சொல்லும்போது எங்கள் கையில் கடையிலிருந்து வந்த சூடு ஆறாத வடை இருந்தது.

போய்ப் பார்த்துச் சரிபார்த்த ஒரே கதை காற்றாடிமலை. கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளையை 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொன்றபோது ஒரு பாறை மணிபோல் ஒலித்தது என்று என் வகுப்பில் பலர் சொல்வார்கள். அவன் நம்பவில்லை. ஓர் ஆடிமாதச் சனிக்கிழமை, டியூஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினோம். கணவாய்க் காற்று ஆளைத் தள்ளியது. மணியடிச்சான் பாறையில் பலரும் தட்டித் தட்டி வெள்ளை வெள்ளையாகத் தடம் இருந்தது. அவன் ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தடம் இல்லாத இடத்தில் தட்டினான். டொக். "பாத்தியா?" என்றான். நான் வெள்ளைத் தடத்தில் தட்டினேன். ணங் என்று வெண்கலச் சத்தம். அவன் கல்லை என்னிடமிருந்து பிடுங்கித் தட்டினான், காதைப் பாறையோடு ஒட்டி வைத்துத் தட்டினான், பின்னால் போய் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்றுகூடப் பார்த்தான். அப்புறம் ஒன்றும் பேசாமல் அந்தக் கூழாங்கல்லை டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வந்ததுதான் வந்தோம் என்று முப்பந்தல் இசக்கியம்மனையும் பார்த்தோம். காற்றாலைகள் வராத காலம். நேர்ச்சைத் தொட்டில்களைக் காற்று ஆட்டிக்கொண்டே இருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டு வீடு சேரும்போது இருட்டிவிட்டது. அப்பா வாசலில் நின்றார். அவன் முந்திக்கொண்டு, "எங்கூட டியூஷன்லதான் இருந்தான் மாமா" என்றான். அப்பா அவன் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். இரண்டு நெற்றியிலும் இசக்கி கோயில் குங்குமம். அடி எனக்கு மட்டும்தான்.

2022 மே 15-ஆம் தேதி போப் பிரான்சிஸ் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அன்று அவன் நான் இருக்கும் மஸ்கட்டுக்குப் போனில் கூப்பிட்டான். "காற்றாடிமலக் கல்லு இன்னும் மேசை மேல இருக்குடே. பேத்தி பேப்பர் பறக்காம வைக்கா."

நானும் ஒரு கதை வைத்திருந்தேன். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியல்காரர், நம் பக்கத்திலிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். மணல் வந்த வழியைத் தேடி மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டார். முதல் உலகப்போர் தொடங்கியதும் கைது செய்துவிட்டார்கள். அந்த மணலில் இருந்தது தோரியம். அந்தக் காலத்துப் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும்.

மேண்டில் என்றதும் இருவருக்கும் ஓர்மை வந்தது கோயில் கொடை விழா. வில்லுப்பாட்டு தொடங்குமுன் விளக்குக்காரர் புது மேண்டிலைக் கட்டிக் கொளுத்துவார். வெள்ளைத் துணி சுருங்கிச் சாம்பலாகி, அந்தச் சாம்பல் கூடு வெளிச்சம் தரும். ஒருமுறை விரலால் தொட்டுப் பொடியாக்கி நான் உதை வாங்கியிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் போனில் சத்தமில்லை.

"அப்போ நீலி கதைய நாம கேட்டது நம்ம கடப்பொறத்து மணல் வெளிச்சத்துலயாக்கும்."

"இருக்கலாம்" என்றேன்.

"இருக்கலாம்னா? சாட்சி ஆருலே?"

அந்த விளக்குக்காரர் மேண்டிலை எங்கே வாங்கினார் என்று எனக்கெப்படித் தெரியும்? ஜூலையில் ஊருக்குப் போகிறேன். வடை என் செலவு.