போடுவோம்

"சோறுன்னு வந்து நின்னா போடுவோம் புள்ள. கையில என்ன வச்சிருக்கான்னு பாத்துட்டா போடுவாங்க?"

பாட்டி சொன்னது இவ்வளவுதான். நான் 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்தேன். பக்கத்தில் 'இல்லை' என்று ஒரு கட்டம், 'பதில் சொல்லவில்லை' என்று இன்னொன்று. நான்காவதாக ஒரு கட்டம் இருந்திருந்தால் அதற்கு என்ன பெயர் வைத்திருப்பேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

2017 ஜூன். நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஜூன் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காலில் ஏறியிருந்த அட்டையை உப்பு வைத்து எடுத்த பிறகுதான் கேள்வித்தாளையே பிரித்தேன், ஓரமெல்லாம் நனைந்திருந்தது. மூன்று மாநில எல்லையில் ஆயுதக் குழுக்களுக்கு மக்களிடம் ஆதரவு எப்படி உருவாகிறது என்பது ஆராய்ச்சி. அதற்கு முந்தைய நவம்பரில்தான் நிலம்பூர் காட்டில் இரண்டு மாவோயிஸ்டுகள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். நாடுகாணியிலிருந்து இறங்கினால் நிலம்பூர், ஆகவே ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு எங்கள் ஊர் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. இங்கிலீஷ் கேள்விகளைத் தமிழில் போடுவது, வீடு வீடாகப் போய்க் கேட்பது, பதிலை மறுபடி இங்கிலீஷில் போட்டு அனுப்புவது, இதுதான் என் வேலை. வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. தேயிலைக் கொழுந்துக்குக் கிலோ கணக்கு மாதிரிதான்.

டிக் அடித்ததில் தப்பில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆயுதம் வைத்திருப்பவர்கள் வந்து சாப்பாடு கேட்டால் கொடுப்பீர்களா என்பது கேள்வி, போடுவோம் என்பது பதில். இதில் நான் என்ன செய்ய முடியும்? இல்லை என்று எழுதினால் அது பொய்.

சிக்கல் அதற்கப்புறம். 'போடுவோம்' என்ற சொல்லை இங்கிலீஷில் போட்டபோது எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தடங்கல் வரவில்லை, இப்போது அதுதான் உறுத்துகிறது. தமிழில் அந்தச் சொல் நாளைக்கு நடக்கப்போவதையும் சொல்லும், எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி என்பதையும் சொல்லும், 'தீபாவளிக்கு முறுக்கு சுடுவோம்' என்கிற மாதிரி. யாரும் வராமலேயே போடுவோம் என்று சொல்லலாம். நான் அனுப்பிய வாக்கியத்தைப் படித்தவர்களுக்கோ, கொடுத்துக்கொண்டு இருக்கிறோம் என்று கேட்டிருக்கிறது. 2018ல் அறிக்கை வந்தபோது 'பொருளுதவி' என்ற தலைப்பின் கீழ் பாட்டி இருந்த டிவிஷன், அதாவது தோட்டத்தின் அந்தப் பகுதி, இருந்தது. வரைபடத்தில் அந்த இடம் அடர்ந்த சிவப்பு.

பெயர் வராது என்று பாட்டியிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தேன். பெயர் வரவில்லைதான். பெண், அறுபது வயதுக்கு மேல், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர், இன்ன டிவிஷன் என்று மட்டும் வந்தது. முப்பது வீடுகூட இல்லாத லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இந்த நான்கும் சேர்ந்தால் அது யார் என்று பால்காரருக்குத் தெரியும்.

அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரிக்காரர்கள் வட அயர்லாந்தின் பழைய ஆயுதக் குழுக்காரர்களிடம் 2001லிருந்து சில வருஷம் பேட்டி எடுத்து வைத்தார்கள். நீங்கள் இருக்கும்வரை யாருக்கும் காட்ட மாட்டோம் என்பது வாக்கு. 2011ல் பிரிட்டிஷ் போலீஸுக்காக அமெரிக்க நீதிமன்றம் வழியாகச் சம்மன் வந்தது, ஒலிநாடாக்களில் ஒரு பகுதி போய்ச் சேர்ந்தது. 1972ல் நடந்த ஒரு கொலைக்காக 2014ல் சின் ஃபெய்ன் கட்சித் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸையே பிடித்து நான்கு நாள் விசாரித்தார்கள், வழக்குப் போடாமல் விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் நான் படித்தது பின்னால்தான். முன்னாலேயே படித்திருந்தாலும் அது அயர்லாந்து, இது பந்தலூர் என்று தாண்டிப் போயிருப்பேன் என்பதே நிஜம்.

அறிக்கையைப் பார்த்ததும் ஆராய்ச்சியை நடத்திய மேடத்துக்கு போன் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது புரியுதும்மா. ஆனா சிவப்பு போட்டாத்தான் அந்தப் பக்கம் ரோடு வரும்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை, ஏனென்றால் அது உண்மை. திட்டக் கமிஷன் அமைத்த நிபுணர் குழு 2008ல், நக்சல் பிரச்சினையை வெறும் சட்டம் ஒழுங்காகப் பார்க்காதீர்கள், நிலம், காடு, கூலி, அவமானம் என்று பாருங்கள் என்று விரிவாக எழுதிக் கொடுத்தது. ஆராய்ச்சி கொள்கையாவது என்பதற்கு நல்ல உதாரணமாக அதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். 2010ல் 60 மாவட்டங்களுக்கு, மாவட்டத்துக்கு 25 கோடி, அடுத்த வருஷம் 30 கோடி என்று பணமும் வந்தது. ஆனால் அந்தப் பணத்துக்கான பட்டியலில் ஏற மாவட்டம் பின்தங்கியிருக்க வேண்டும், அதோடு பெரும்பாலும் துப்பாக்கிச் சத்தமும் கேட்டிருக்க வேண்டும். சத்தம் கேட்காத இடத்தில் பட்டினி கிடந்தால் அது வேறு துறை, வேறு ஃபைல். 2018ல் நக்சல் பாதிப்பு மாவட்டங்களை 126லிருந்து 90 ஆகக் குறைத்தபோதுகூட எட்டு மாவட்டங்களைப் புதிதாகச் சேர்த்தார்கள், அதில் மூன்று வயநாடு, மலப்புரம், பாலக்காடு. எங்களைச் சுற்றிலும் உள்ளவை. நீலகிரி இல்லை. இதற்காகச் சந்தோஷப்பட்டேனா, ஏமாந்தேனா என்று கேட்டால் இரண்டும்தான். கூடலூரில் செக்‌ஷன் 17 நிலத்தில் (ஜன்மி நிலங்களை ஒழித்த 1969 சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கி உரிமை முடிவாகாத நிலம்) பட்டா இல்லாமல் அப்போதிலிருந்து இழுபடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, எப்படியாவது யாராவது திரும்பிப் பார்த்தால் சரி என்ற ஆசையும் உண்டு.

2019ல் மஃப்டியில் இரண்டு பேர் லயத்துக்கு வந்து போனார்கள். பாட்டியின் மருமகள் சொல்லித்தான் தெரியும். அடிக்கவில்லை, மிரட்டவில்லை, "யாராச்சும் புது ஆள் வந்தா சொல்லணும்" என்று சொல்லி ஒரு நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாட்டியைத் தனியாக ஒரு நாள் வரச்சொல்லி இரண்டு மணி நேரம் உட்கார வைத்திருந்தார்களாம்.

அறிக்கையால்தான் வந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வருஷம் மார்ச்சில் வைத்திரியில் ஒரு ரிசார்ட்டில் சூடு நடந்தது, அக்டோபரில் அட்டப்பாடி மஞ்சக்கண்டியில் நான்கு பேர் செத்தார்கள். எல்லையோரம் எல்லா ஊருக்கும்தான் போயிருப்பார்கள். அறிக்கையே இல்லாவிட்டாலும் போயிருப்பார்கள். சரி. ஆனால் எல்லா ஊருக்கும் போனார்களா என்று நான் ஒரு ஊரில்கூட விசாரிக்கவில்லை. இல்லை என்று பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான்.

மாவோயிஸ்ட் கட்சி 2009 ஜூனிலிருந்து ஊபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறது. தெரிந்தே ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தால் குறைந்தது மூன்று வருஷம், போனால் ஆயுள் என்கிறது 19ஆம் பிரிவு. ஒரு தட்டு சோறு அடைக்கலமா என்பது வக்கீல்கள் பேச வேண்டியது. என் பிரச்சினை அது இல்லை. கேள்வி கேட்பதற்கு முன் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினேன், 'இதனால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை' என்ற வரி அதில் இருந்தது. என் குரலில் வாசித்தேன். பாட்டி அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரிகூடத் தெரியவில்லை, உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணி குடித்தார். எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்.

பதிவை மறுபடி கேட்டது ஊரடங்கு காலத்தில். வேறு வேலை இல்லை. டிக் அடித்து அடுத்த கேள்விக்குத் தாவிய இடத்தில் நான் "சரிங்க பாட்டி" என்கிறேன், அவர் நிறுத்தவில்லை. மழை தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு நடுவில் இருந்ததால் முதல் தடவை எழுதும்போது 'தொடர்பில்லாத பேச்சு' என்று குறித்து விட்டுவிட்டிருக்கிறேன். இப்போது காதில் ஒட்டவைத்துக் கேட்டால், இலங்கையில் கேகாலைப் பக்கம் தோட்டம், 1971, சேகுவேரா கலவரம் என்று சொல்லப்பட்ட ஜே.வி.பி. இளைஞர்களின் ஆயுதக் கிளர்ச்சி. பாட்டிக்கு அப்போது பதினாலு வயது. ராத்திரி நாலைந்து சிங்களப் பையன்கள் துவக்கோடு லயத்துக்கு வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். அம்மா ரொட்டியும் சம்பலும் கொடுத்தாளாம். "மூணா நாளு ஆமிக்காரன் வந்தான். அவனும் பசின்னுதான் சொன்னான். அவனுக்கும் போட்டோம்."

அதாவது பாட்டி பதில் சொன்னது பந்தலூருக்கே இல்லை. இந்தியா ஏற்றுக்கொள்வதாக இலங்கையோடு போட்ட 1964 ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட 5,25,000 பேரில் ஒருத்தியாகத் தலைமன்னாரில் கப்பல் ஏறுவதற்கு முன்னால், இன்னொரு நாட்டில், இன்னொரு கலவரத்தில் அவள் அம்மா செய்ததை அவர் சொல்லிக்கொண்டிருந்தார், நான் அதை எங்கள் மலைக்கு 2017 ஜூன் மாதத்துக் கணக்கில் எழுதினேன்.

அல்லது இதுவும் நானே எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானமா? அவர் போடுவோம் என்றுதான் சொன்னார். 1971 ஒரு உதாரணம், அவ்வளவுதான், இன்றைக்கு வந்து கேட்டாலும் போட்டிருப்பார். அப்படியானால் 'ஆம்' சரிதான். எந்தப் பக்கம் திருப்பினாலும் டிக் நியாயமாகவும் இருக்கிறது, அநியாயமாகவும் இருக்கிறது.

ராபர்ட் பேப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தற்கொலைத் தாக்குதல்களை எண்ணிக் கணக்குப் போட்டவர். 1980 முதல் 2003 வரை 315, அதில் 76 விடுதலைப் புலிகளுடையவை, இது மதவெறி இல்லை, அந்நிய ஆக்கிரமிப்புக்கு எதிரான உத்தி என்றார். புலிகளைப் பற்றிப் பேச்சு வரும் இடத்திலெல்லாம் இந்தக் கணக்கு வரும். அவரை மறுத்தவர்கள் கேட்டது எளிமையான கேள்வி: தாக்குதல் நடந்ததை மட்டும் எண்ணினீர்களே, ஆக்கிரமிப்பு இருந்தும் தாக்குதல் நடக்காத இடங்களை எண்ணினீர்களா? இதைப் படித்தபோது பேப்பைவிட எங்கள் வரைபடம்தான் கண்ணில் நின்றது. நடமாட்டம் இருப்பதாகப் பேச்சு வந்த ஊர்களுக்கு மட்டும்தான் நாங்கள் போனோம். பசியோடு வருகிறவனுக்குச் சோறு போடுவீர்களா என்று குன்னூர் டவுனில் கேட்டிருந்தால் எத்தனை பேர் இல்லை என்று சொல்லியிருப்பார்கள்? ஊட்டியில் கேட்டால்? என் அம்மாவிடம் கேட்டால்? மலை முழுக்கச் சிவப்படித்திருக்கலாம்.

போன வருஷம் வேறொரு நிறுவனத்துக்காக இதே மாதிரி ஒரு கேள்வித்தாள் என்னிடம் வந்தது. மறுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், அப்புறம் வேறு யாராவது என்னைவிட மோசமாகப் பெயர்ப்பார்கள் என்று (இதுவும் ஒரு சாக்கு) எடுத்துக்கொண்டேன். 'கொடுப்பீர்களா' என்று இல்லாமல் 'கொடுத்தது உண்டா' என்று போட்டேன், எங்கே, எந்த வருஷம் என்று எழுத ஒரு கோடும் விட்டேன். ரொம்பச் சரியாகச் செய்துவிட்டதாக ஒரு திருப்தி.

அதே லயத்தில் பத்து வீடு. பாட்டி இப்போது மகள் வீட்டில், திருப்பூரில். பத்து வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்தார்கள், பத்து வீட்டிலும் அந்தக் கேள்விக்கு முன்னால் யாராவது ஒருவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள், பத்து வீட்டிலும் "இல்லைங்க" என்றார்கள். 'இல்லை' கட்டத்தில் பத்து டிக் அடித்து அனுப்பிவிட்டேன்.