முகூர்த்தப் புடவையின் நிறம்

கல்யாண ஆல்பம் வேலையில் எனக்கு வரும் படங்கள் ஒரே கேமராவில் எடுத்தவையாக இருப்பது அபூர்வம். சடங்குகளை எடுப்பவர் நிக்கான் வைத்திருப்பார், போஸ் கொடுக்காத இயல்பான தருணங்களை (கேண்டிட்) எடுப்பவர் சோனி, பால்கனியில் நிற்கும் தம்பி கையில் கேனன். தாலி கட்டும் அந்த ஒரு நிமிடம் மூன்று நிறங்களில் வந்து சேரும். ஒன்றில் அரக்குப் புடவை ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கும், இன்னொன்றில் ரோஸ் அடிக்கும். மூன்றையும் ஒரே பக்கத்தில் அடுக்கும்போதுதான் அது கண்ணை உறுத்தும்.

சென்சாரின் மேல் இருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் ஒரே துணியை ஒவ்வொரு கேமராவும் வேறு வேறு எண்களாகப் பதிகிறது. அந்த எண்களை நாம் பார்க்கும் நிறமாக மாற்றுவது மென்பொருளில் இருக்கும் ப்ரொஃபைல். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு படத்தைப் பார்த்து இன்னொன்றைத் திருத்திக்கொண்டே போனால் விடிந்தாலும் வேலை முடியாது. கண்ணும் ஏமாற்றும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருந்தாலே வெள்ளை வேட்டி வெள்ளையாகத்தான் தெரியும்.

அதனால் மூன்று பேரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். மேடை விளக்குகள் எல்லாம் எரிய ஆரம்பித்ததும், மணமக்கள் உட்காரும் இடத்தில் கலர்செக்கர் என்ற நிற அட்டையை வைத்து, ஆளுக்கு ஒரு ரா படம், அதாவது சென்சார் பதிந்த எண்களை கேமரா மாற்றாமல் அப்படியே சேமிக்கும் படம். 24 நிறக் கட்டங்கள் உள்ள இந்த அட்டை 1976 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அரை நிமிட வேலை. "அண்ணா, ஐயர் வர்றதுக்குள்ள ஒரு தடவை" என்று போனில் நினைவுபடுத்துவேன். மாலை ரிசப்ஷனுக்கு வெளிச்சம் மாறிவிடும், அப்போது மறுபடியும் எடுக்க வேண்டும்.

அந்தப் படத்தை லைட்ரூம் என்ற திருத்தும் மென்பொருளில் திறந்து சாம்பல் கட்டத்தின் மேல் கர்சரை வைத்தால் சிவப்பு 58, பச்சை 47, நீலம் 30 சதவீதம் என்பதுபோலக் காட்டும். வெள்ளையைச் சரிசெய்யும் ஐட்ராப்பர் கருவியால் ஒரு க்ளிக், மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணுக்கு வந்துவிடும். ஆனால் இதில் சரியாவது சாம்பலும் வெள்ளையும்தான். சிவப்புகள் இன்னும் ஒத்துப்போகாது. அதற்கு 24 கட்டங்களையும் மென்பொருளிடம் கொடுத்து, ஒவ்வொரு கேமராவுக்கும் தனி ப்ரொஃபைல் செய்ய வேண்டும். அதைப் போட்டதும் மூன்று அரக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அப்புறம் திருத்த வேண்டியது கொஞ்சம்தான்.

மயில் கழுத்துப் பட்டு மட்டும் இதற்கெல்லாம் அடங்காது. அதில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். நேராகப் பார்த்தால் நீலம் தூக்கும், மடிப்பு திரும்பும் இடத்தில் பச்சை மின்னும். பால்கனியிலிருந்து எடுத்த படத்தில் பச்சையும், எதிரில் நின்று எடுத்ததில் நீலமும் தெரிந்தால் இரண்டும் சரி. அதை வலிந்து ஒரே நிறமாக்கினால் பட்டு பாலியஸ்டர் போல ஆகிவிடும். அந்த இடத்தில் நான் கை வைப்பதில்லை.

மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டும் இப்படித்தான். சில செயற்கை இழைத் துணிகள் அகச்சிவப்புக் கதிரை நிறையப் பிரதிபலிக்கும், அதைச் சரியாகத் தடுக்காத கேமராவில் கறுப்பு ஊதாவாகும். 2006-இல் வந்த லைக்கா எம்8-இல் இது பெரிய விஷயமாகி, லென்சில் மாட்ட அந்த நிறுவனமே ஃபில்டர் கொடுத்தது. பர்ப்பிள் எல்.இ.டி. விளக்கு இன்னும் மோசம். படத்தின் நீலப் பதிவு (சேனல்) உச்ச எண்ணைத் தொட்டு நிரம்பி வழிந்துவிட்டால் எந்த அட்டையாலும் மீட்க முடியாது. முகூர்த்த நேரத்துக்கு மட்டுமாவது அதை அணைக்கச் சொல்லி லைட்காரரிடம் பேசிவிடுவதுதான் நல்லது.

இவ்வளவும் மானிட்டர் சரியாக இருந்தால்தான் பலிக்கும். திரையின் நிறத்தை அளக்கும் காலிபரேட்டர் கருவியைத் திரையில் தொங்கவிட்டு, வெள்ளையின் நிறம் 6500 கெல்வின், நடுத்தர வெளிச்சங்களைத் தீர்மானிக்கும் காமா 2.2, திரையின் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா என்று வைத்துக்கொள்கிறேன். "பிரிண்ட் இருட்டா வந்திருக்கு" என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி அச்சடிக்கும் லேப் இல்லை, கண் கூசும் அளவுக்கு வெளிச்சம் ஏற்றிய மானிட்டர்தான். இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதியை அணைத்துவிட வேண்டும், சொல்லவே தேவையில்லை.

கடைசி வாசல் கலர் ஸ்பேஸ், அதாவது ஃபைலில் உள்ள எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கின்றன என்ற வரையறை. 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் கொண்டுவந்த எஸ்ஆர்ஜிபியைத்தான் பெரும்பாலான லேப்கள் கேட்கின்றன. கேமரா மெனுவில் அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி என்று வைத்திருந்தால் அது ஜேபெக்கை மட்டும் பாதிக்கும், ராவை அல்ல. அப்படி வந்த ஜேபெக்கை, அதற்குள் கலர் ஸ்பேஸைச் சொல்லும் ப்ரொஃபைலைக் கவனிக்காத மென்பொருள் திறந்தால் எல்லாம் வெளிறிப்போகும். ஃபோட்டோஷாப்பில் அசைன் ப்ரொஃபைல் எண்களை அப்படியே வைத்து நிறத்தை மாற்றும். கன்வர்ட் டு ப்ரொஃபைல் நிறத்தை முடிந்தவரை காப்பாற்றி எண்களை மாற்றும். லேபுக்குப் போகும் ஃபைலுக்கு எப்போதும் கன்வர்ட்தான்.

முழு ஆல்பத்தையும் அச்சுக்கு அனுப்பும் முன், புடவையோடு வந்த ரவிக்கைத் துணியில் மிஞ்சிய துண்டு இருந்தால் பெண் வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். லேபில் ஒரு பக்கத்தை மட்டும் அச்சடித்து, பகல் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பேன். அந்தப் பக்கம் முழுக்கவே சிவப்பு தூக்கலாக இருந்தால், படங்களைத் தொடாமல் அந்த லேபின் அச்சு ப்ரொஃபைலை வாங்கி, அச்சில் எப்படி வரும் என்று ஃபோட்டோஷாப் திரையிலேயே ப்ரூஃப் பார்த்து, அச்சுக்குப் போகும் பிரதியில் மட்டும் குறைப்பேன்.