கியர் ஆயில் குறையவில்லை, கூடியிருந்தது

குறுவை உழவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் மேஸி 1035 டிராக்டரில் லிப்ட் தகராறு ஆரம்பித்தது. ஒன்பது கொத்துக் கலப்பையைத் தூக்கினால் விட்டு விட்டு ஏறும். ஏறிய பிறகும் மெல்ல இறங்கிவிடும். அப்பா காலத்து வண்டி. கியர் ஆயில் குறைந்திருக்கும், ஐந்து லிட்டர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்து ஒரு கேன் வாங்கி வந்துவிட்டேன். நல்லவேளை, மூடியைத் திறப்பதற்கு முன்னால் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன்.

இந்த வண்டியில் கியர், கிரவுன் (பின் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரம்), லிப்ட் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். லிப்ட் பம்ப் பின்பக்கக் கூட்டுக்குள்ளேயே ஆயிலில் மூழ்கியிருக்கும். ஹாரி பெர்குசன் 1930களில் கொண்டுவந்த அமைப்பின் வழியில் வந்தது. அதனால் ஆயிலில் கோளாறு என்றால் முதலில் காட்டிக்கொடுப்பது லிப்ட்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, லிப்ட் கைகளை முழுக்க இறக்கி, இன்ஜினை அணைத்துக் கால் மணி நேரம் விட்டேன். கைகள் மேலே நின்றால் சிலிண்டருக்குள் ஆயில் தங்கிவிடும், அளவு குறைவாகத் தெரியும். டிப்ஸ்டிக்கைச் சுற்றிச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு உருவினேன்.

மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் உயரத்துக்கு ஆயில். வீட்டில் யாரும் ஊற்றவில்லை. நிறம் பால் கூடிப்போன டீ மாதிரி இருந்தது. மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்தேன். "சூடான தகரத்துல ஒரு சொட்டு விட்டுப் பாரு தம்பி, சத்தம் வந்தா தண்ணி" என்றார். வீட்டுக் கொல்லையில் விறகடுப்பின் மேல் ஒரு தகரத்தைக் காயவைத்துச் சொட்டினேன். கடுகு தாளித்த மாதிரி சடசடவென்று வெடித்தது.

எங்கேயிருந்து வந்தது தண்ணீர்? கியர் லீவரின் அடியில் இருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், பாதி சுற்றுக்குக் கிழிந்திருந்தது. போன ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி வெளியில்தான் நின்றது. தார்ப்பாயை பானெட்டுக்கு மட்டும் போர்த்தியிருந்தோம். லீவரில் வழிந்த மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. சேற்று உழவு முடிந்து மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியபோதும் போயிருக்கும். ஒரு மணி நேர உழவுக்கூலிகூட ஆகாத ரப்பர் அது. அதை மாற்றாமல் எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் வீண்தான்.

ஆயிலை இறக்கும்போது அண்ணன் சொன்ன முறை எனக்குப் புதிது. முதல் நாள் ராத்திரி முழுக்க வண்டியை அசைக்காமல் விடச் சொன்னார். தண்ணீர் கனம், அடியில் தங்கிவிடும். காலையில் சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு, அடியில் சாக்கு விரித்துப் படுத்து, ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றாமல் தளர்த்த மட்டும் செய்தேன். முதலில் கலங்கிய தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது. ஒரு சொம்பு தேறும். ஆயில் வர ஆரம்பித்ததும் இறுக்கிவிட்டு, வண்டியை அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி வந்து, எல்லா பிளக்கையும் திறந்து மொத்தத்தையும் வடித்தேன். ஒரு பிளக்கோடு நிறுத்தினால் மற்ற அறையில் பழையது தங்கிவிடும். கடைசியாக வந்தது ஆயில்கூட இல்லை, கடைந்த வெண்ணெய் மாதிரி ஒரு வெளிறிய கூழ். விரலில் தேய்த்துப் பார்த்தேன். இரும்புத் துணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அப்போதுதான் மூச்சு வந்தது.

டீசல் ஊற்றி இன்ஜினை ஓட்டிக் கழுவலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் செய்யவில்லை. பம்புக்கும் பேரிங்குக்கும் அந்த ஆயில்தான் உயிர். வெறும் டீசலில் அவை உரசுவதை நான் விரும்பவில்லை. வடித்த ஆயிலை வாய்க்கால் பக்கமே கொண்டுபோகவில்லை, டிரம்மில் மூடி வைத்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்தேன். பிளக்கின் செம்பு வாஷர்களைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகிவிடும், கசியாது.

கடையில் முதலில் எடுத்து வைத்தது ஜிஎல்-5 என்ற ரகக் கியர் ஆயில். அதில் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் மருந்துகள் பழைய வண்டிகளின் வெண்கலப் புஷ்களை அரிக்கக்கூடும். கையேட்டைக் காட்டி, அதில் போட்டிருந்த ரகத்தையே வாங்கினேன். விலை கொஞ்சம் கூடத்தான். முதலில் வாங்கிய கேனையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஊற்றும்போது பொறுமை வேண்டும். 30 லிட்டருக்கு மேல் பிடிக்கும் கூடு. முன்னால் கியர் பக்கம் ஊற்றுவது சின்ன வழிகளில்தான் பின்னால் போகும்; உடனே டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் குறைவாகக் காட்டும், அவசரப்பட்டு இன்னும் ஊற்றிவிடுவோம். கேனுக்குக் கேன் இருபது நிமிஷம் விட்டேன். அப்புறம் இன்ஜினைப் போட்டு லிப்டைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கினேன். கைகளை இறக்கி, அணைத்து, பொறுத்துப் பார்த்தால் கோடு கொஞ்சம் இறங்கியிருந்தது. மேலும் ஒரு லிட்டர் சேர்த்ததும் சரியாக நின்றது.

புது பூட் வருவதற்குள் சைக்கிள் டியூபை வெட்டி லீவரில் சுற்றிக் கட்டி வைத்தேன். இப்போது புதியது போட்டாயிற்று. சேற்று உழவு பத்து நாள் ஓடிய பிறகு, ஒரு விடியற்காலையில் மறுபடி அடியில் படுத்துப் பிளக்கைத் தளர்த்தினேன். முதல் சொட்டே தேன் நிறத்தில் ஆயிலாக வந்தது. தூக்கி வைத்த கலப்பை ராத்திரி நின்ற உயரத்திலேயே நின்றிருந்தது.