மொட்டை மாடியில் மூன்று இரவுகள்: எங்கள் குடியிருப்பு ஃப்யூவல் செல் தேடிப் போன அனுபவம்

2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அது பெண்ணையாற்றில் இறங்கி வந்தபோது, கடலூர் ஆல்பேட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தும் தளத்தில் இடுப்பளவுக்கு நின்றது. ஜெனரேட்டர் அந்தத் தளத்தில்தான் இருந்தது. முதலில் முழுகியதும் அதுதான். கரண்டை முன்னெச்சரிக்கையாக ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டாம் மாடியில் ஒரு அம்மா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், நுரையீரல் பாதிப்பால் நாள் முழுக்க ஆக்சிஜன் மெஷினோடு இருப்பவர். கைவசம் இருந்த சின்ன சிலிண்டர் சில மணி நேரம்தான் வரும். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பேர் படிக்கட்டில் தூக்கி இறக்கி, படகு வரைக்கும் கொண்டுபோனோம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை மட்டும் விடவே இல்லை.

தண்ணீர் வடிந்து, சேற்றையெல்லாம் அள்ளிக் கொட்டிய பிறகு சங்கக் கூட்டம் போட்டோம். 24 வீடுகள், நான் செயலாளர். தானே புயல் (2011 டிசம்பர் 30) அடித்தபோது இந்தத் தெருவில் இருபது நாளுக்கு மேல் இருட்டில் கிடந்தவர்கள் எங்களில் பாதிப் பேர். அதனால் "இன்னொரு ஜெனரேட்டர் வாங்கலாம்" என்று சொல்லி முடித்துவிட யாருக்கும் மனமில்லை. டீசலில் ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட், மிஞ்சினால் மூன்றரை. யூனிட்டுக்கு 30 ரூபாய் ஆகிறது, புகை தனி. அதோடு மாமூல் நாட்களில் வரும் காமன் மீட்டர் பில்லும் ஒரு சுமை. பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்குப் பொது மின்சாரத்தை 2023 நவம்பரிலிருந்து யூனிட் 5.50 ரூபாய்க்குக் குறைத்தார்கள். நாங்கள் அந்த மூன்றிலும் வரவில்லை. எங்களுக்கு 8 ரூபாய்க்கு மேல்தான்.

ஃப்யூவல் செல் (எரிபொருளைத் தீ வைத்து எரிக்காமலே மின்சாரமாக மாற்றும் கருவி) என்ற பேச்சை எடுத்தது மூன்றாம் மாடித் தம்பி. ஜப்பானில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். அங்கே வீட்டுக்கு வெளியே பீரோ அளவில் ஒரு பெட்டி நிற்கும். 2009-இலிருந்து 'எனெ-ஃபார்ம்' என்ற பெயரில் விற்கிறார்கள். குழாயில் வரும் எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்த்து, சுமார் 700 வாட் மின்சாரம் எடுக்கும். அந்தச் சேர்க்கையில் தீ கிடையாது. நடுவில் ஒரு மெல்லிய சவ்வும் பிளாட்டினம் பூச்சும் இருக்கின்றன, மின்சாரமும் தண்ணீரும் சூடும் வெளியே வருகின்றன. அந்தச் சூட்டை வீணாக்காமல் குளிக்க வெந்நீராக எடுத்துக்கொள்கிறார்கள். புகைபோக்கி தேவையில்லை, சத்தமும் அதிகம் இல்லை. "இதை மொட்டை மாடியில் வைத்தால் எந்த வெள்ளமும் ஒன்றும் செய்யாது சார்" என்றார் தம்பி. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவ்வளவு பிடித்துப்போனது.

எங்கள் தலைவர் நெய்வேலியில் அனல் மின் நிலையத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்ன ஒரு வார்த்தையால்தான் நாங்கள் பிழைத்தோம் என்று இப்போது நினைக்கிறேன். "வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் ராத்திரிக்கு நமக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதிக்கொண்டு வாங்க."

பதினைந்து நாள் காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் காமன் மீட்டரை நோட்டில் எழுதினேன். ஒரு நாளைக்கு சுமார் 22 யூனிட். தண்ணீர் மோட்டாரும் லிஃப்டும் சேர்ந்து முக்கால்வாசி, மிச்சம் விளக்கும் கேமராவும். படிக்கட்டு விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றி, ஆள் நடந்தால் மட்டும் எரிகிற மாதிரி செய்ததும் 19-க்கு இறங்கியது. செலவு ஆறாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. அம்மாவின் ஆக்சிஜன் மெஷினையும் தனியாக அளந்தோம். 330 வாட். 24 மணி நேரத்துக்கு 8 யூனிட். அதன் பிறகு நான் போன இடத்திலெல்லாம் இந்த 8 யூனிட்டைத்தான் முதலில் சொன்னேன்.

சரி, எரிபொருள் எங்கிருந்து வரும்? ஜப்பான் பெட்டி குழாய் எரிவாயுவில் ஓடுகிறது. எங்கள் தெருவுக்குக் குழாய் வரவில்லை. வந்தாலும் கணக்கு இடித்தது. ஒரு கன மீட்டர் வாயுவில் நான்கு யூனிட் மின்சாரம் கிடைக்கும். வாயு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் யூனிட் 12 ரூபாயைத் தாண்டுகிறது. ஜப்பானில் அது கட்டுப்படியாவதற்குக் காரணம் வெந்நீர். பனிக்காலத்தில் தினமும் தொட்டி நிறைய வெந்நீரில் உட்காரும் ஊர் அது. சித்திரை மாதத்தில் குழாயைத் திறந்தாலே கை சுடுகிற கடலூரில் அந்தச் சூட்டை யாருக்குக் கொடுப்பது? பாதிப் பலன் காற்றில் போய்விடும். இதை நாங்கள் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று தம்பியின் முகம் வாடிவிட்டது. ஆனால் கணக்கை அவரே இரண்டு முறை சரிபார்த்தார்.

அடுத்து ஒரு விற்பனையாளர் மெத்தனாலில் ஓடும் சின்ன ஃப்யூவல் செல்லைப் பற்றிச் சொன்னார். தொலைத்தொடர்பு கோபுரங்களிலும், ஆள் போகாத இடத்துக் கேமராக்களுக்கும் இதை வைக்கிறார்கள். ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.9 லிட்டர் மெத்தனால் போதும். கேனில் வரும், அழுத்தம் கிடையாது, சிலிண்டர் கிடையாது. அம்மாவின் மெஷினுக்கு ஒரு நாளைக்கு ஏழு லிட்டர் சொச்சம். எனக்கு இதுதான் வழி என்று தோன்றியது. பொதுக்குழுவில் ஆர்வத்தோடு எடுத்து வைத்தேன்.

மெத்தனால் என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் கூடம் அமைதியாகிவிட்டது. 2023 மே மாதம் மரக்காணம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி, மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இரண்டும் எங்கள் பக்கத்து மாவட்டங்கள். எங்கள் காவலாளியின் சொந்த ஊரே கள்ளக்குறிச்சிப் பக்கம். அவர் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தச் சனியனைக் கேன் கேனாகக் கொண்டுவந்து புள்ளைங்க விளையாடுற இடத்துல வைக்கப் போறீங்களா சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, பதிலும் இல்லை. மெத்தனாலை வாங்குவதற்கும் வைப்பதற்கும் தமிழ்நாட்டில் 1959-இலிருந்தே தனி விதிகள் இருக்கின்றன, உரிமம் வேண்டும். பூட்டுப் போடலாம், கணக்கு எழுதலாம். ஆனால் நிறமில்லாத, சாராயம் மாதிரியே வாசம் அடிக்கிற, கொஞ்சம் உள்ளே போனாலே கண்ணைக் குருடாக்குகிற ஒரு திரவத்தை 24 குடும்பம் இருக்கும் கட்டடத்தில் வைத்துவிட்டு யார் நிம்மதியாகத் தூங்குவது? மெத்தனால் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அந்த முடிவு சரியானது என்று இன்றும் சொல்வேன். தொழில்நுட்பம் நல்லதுதான். ஆனால் இந்த மண்ணில், இந்த வருடங்களில், ஒரு குடியிருப்புக்குள் வேண்டாம்.

மிச்சம் இருந்தது நேரடி ஹைட்ரஜன். ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் 1 கிலோவாட் ஃப்யூவல் செல் இருப்பது தெரிந்து அங்கே போனோம். பேராசிரியர் எங்கள் 8 யூனிட் கதையைக் கேட்டுவிட்டு, "மூன்று இரவு நானே கொண்டுவந்து ஓட்டிக் காட்டுகிறேன்" என்றார். இதற்காக அவர் ஒரு பைசா வாங்கவில்லை. தீயணைப்பு நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்தோம். ஹைட்ரஜன் காற்றைவிட மிக லேசானது, கசிந்தால் மேலே போய்விடும், அதனால் கூரையில்லாத மொட்டை மாடிதான் சரியான இடம் என்று விளக்கினார். சமையல் எரிவாயு இதற்கு நேர்மாறு, தரையில் தங்கும். ஹைட்ரஜன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பதையும் சொல்லி, கசிவு காட்டும் கருவியை இரண்டு இடத்தில் மாட்டினார்.

சிலிண்டரை மேலே ஏற்றியதுதான் பெரிய பாடு. லிஃப்டில் வைக்கக் கூடாது என்றுவிட்டார். ஒரு சிலிண்டரில் இருப்பது 7 கன மீட்டர், எடையில் அரை கிலோவுக்குச் சற்று மேல். அதைத் தாங்கி நிற்கும் இரும்பு ஐம்பது கிலோவுக்கு மேல். இரண்டு சிலிண்டர், நான்கு மாடி. மேலே போனதும் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டினோம்.

அம்மாவின் மெஷினை வைத்துச் சோதிக்க மனம் வரவில்லை. அதே அளவு இழுக்கும்படி பழைய குண்டு பல்புகளை மாட்டி, கூடவே படிக்கட்டு விளக்கும் கேமராவும் கொடுத்தோம். மொத்தம் 480 வாட் இருக்கும். மாலை 7 மணிக்கு வால்வைத் திறந்தார்கள். மின்விசிறி சத்தம் மட்டும்தான். பெட்டியின் பின்னால் வெதுவெதுப்பான காற்று, ஈரமான காற்று. பிள்ளைகள் பத்து மணி வரைக்கும் பாய் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். விடியற்காலையில் அடியிலிருந்த தட்டில் இரண்டு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. ராத்திரி முழுக்க விளக்கு எரிந்ததற்கு மிச்சம் அவ்வளவுதான். அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, உண்மையாகவே சொல்கிறேன்.

மூன்றாம் இரவு முடிய இரண்டு சிலிண்டரும் தீர்ந்தன. மீட்டர் காட்டியது 16 யூனிட். ஒரு சிலிண்டருக்கு 8 யூனிட், அதாவது அம்மாவுக்கு ஒரு நாள். வாயுவின் விலையும் வண்டி வாடகையும் சேர்த்து யூனிட்டுக்கு 280 ரூபாய்க்கு மேல் ஆகியிருந்தது. டீசலைவிட ஒன்பது மடங்கு.

கார்பன் கணக்கும் நாங்கள் நினைத்தது போல இல்லை. ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் தயாராகிறது. அப்படித் தயாரித்தால் ஒரு கிலோவுக்கு ஒன்பது, பத்து கிலோ கார்பன் டை ஆக்சைடு ஆலையிலேயே வெளியே போய்விடுகிறது. எங்களுக்குக் கிடைத்த யூனிட்டுகளால் வகுத்தால் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ வருகிறது. நாட்டின் மின்தொகுப்பில் வரும் சராசரியும் ஏறக்குறைய அதே 0.7 கிலோதான். மொட்டை மாடியில் புகை இல்லை என்பது நிஜம். புகை வேறு ஊரில் போயிருக்கிறது. காஸ்டிக் சோடா ஆலைகளில் துணைப்பொருளாகக் கிடைக்கும் ஹைட்ரஜன் என்றாலோ, சூரிய மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து எடுத்தது என்றாலோ கதை வேறு. நாங்கள் வாங்கியது எந்த வழியில் வந்தது என்று விற்றவரால் சொல்ல முடியவில்லை.

போகும்போது பேராசிரியர் இன்னொன்றும் சொன்னார். கடல் இங்கிருந்து கூப்பிடு தூரம். உப்புக் காற்று உள்ளே போனால் சவ்வின் ஆயுள் குறையும், நல்ல வடிகட்டி போட்டு அடிக்கடி மாற்ற வேண்டும். லிஃப்ட் கிளம்பும்போது இழுக்கிற இழுப்பையும் இந்தச் செல் தனியாகத் தாங்காது, பேட்டரி கூடவே வேண்டும். "எப்படியும் பேட்டரி வாங்கத்தான் போகிறீர்கள். அதிலிருந்து ஆரம்பியுங்கள்" என்றார்.

அதிலிருந்துதான் ஆரம்பித்தோம். 5 கிலோவாட் சூரியத் தகடு, 10 யூனிட் லித்தியம் பேட்டரி. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு, எங்களுக்கு 90,000. விண்ணப்பிக்கப் போனபோதுதான் காமன் மீட்டர் இன்னும் கட்டடம் கட்டியவர் பெயரிலேயே இருப்பது தெரிந்தது. பெயர் மாற்றவே இரண்டு மாதம் போனது. நீங்கள் இந்த வழியில் இறங்குவதாக இருந்தால், தகட்டுக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சங்கப் பதிவு, பான் அட்டை, வங்கிக் கணக்கு, தீர்மான நகல் எல்லாம் ஒரே பெயரில், ஒரே எழுத்தில் இருக்கட்டும். எங்கள் தீர்மானத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனதற்காக மறுபடியும் 24 கையெழுத்து வாங்கினேன்.

பேட்டரியை முதல் மாடியில் பழைய சாமான் அறையில் வைத்தோம். 2024-இல் தண்ணீர் நின்ற கோட்டிலிருந்து எட்டு அடி மேலே. அங்கிருந்து இரண்டாம் மாடி அம்மா வீட்டுக்குத் தனி வயர் போகிறது. மொட்டை மாடியில் ஃப்யூவல் செல் நின்ற மூலையில் சங்கிலி மாட்டிய கொக்கிகளை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேட்டரி அறை வரைக்கும் காலிக் குழாய் ஒன்றையும் இறக்கி வைத்திருக்கிறோம். புயலில் மூன்று நாள் வெயிலே வராவிட்டால் தகடு பெரிதாக ஒன்றும் தராது. அந்த மூன்று நாளுக்கு ஃப்யூவல் செல் அமைதியாகவும் புகையில்லாமலும் உதவும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுத்தமான ஹைட்ரஜன் இந்தப் பக்கம் கட்டுப்படியாகும் விலைக்கு வரும் நாளில் முதல் போன் பேராசிரியருக்குத்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை வைத்தோம். அம்மாவுக்கு மாற்று ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் தயாராக இருந்தது, அம்மாவின் மகளும் கூடவே இருந்தார். சூரியத் தகட்டை வேண்டுமென்றே துண்டித்துவிட்டு, காலை 10 மணிக்கு மெயினை இறக்கினேன். பேட்டரியில் மெஷின் மட்டும். இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை போய் எட்டிப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை 9.40-க்குப் பேட்டரி எச்சரிக்கை மணி அடித்தது, மெயினை ஏற்றினேன். அம்மா எழுந்து உட்கார்ந்து, "என்ன தம்பி, எப்ப நிறுத்தப் போற?" என்று கேட்டார்.

"நிறுத்தி ஏத்தியாச்சும்மா" என்றேன்.