சோரின் முதல் பாடத்திலிருந்து பி மைனர் வரை

கிளாசிக்கல் கிட்டார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னதும் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது, "அந்த ஸ்பானிஷ் ரொமான்ஸ் வாசிப்பீங்களா?" என்றுதான். யார் இயற்றினார் என்று உறுதியாகத் தெரியாத உருப்படி அது. 1952-இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் நார்சிசோ யெபெஸ் வாசித்த பிறகு உலகமெங்கும் பரவியது. தொடக்கக்காரர்களுக்கு எளிது என்றும் பெயர் வாங்கிவிட்டது. முதல் வரி எளிதுதான். மெட்டு முழுக்க முதல் கம்பியில் ஏழாம் ஃபிரெட்டிலிருந்து (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நகரும், மற்ற கம்பிகள் பெரும்பாலும் திறந்தே ஒலிக்கும். ஆனால் கொஞ்சம் தள்ளிப் போனால் ஐந்தாம் ஃபிரெட்டில் பாரே வரும், அதாவது ஆள்காட்டி விரலை நீட்டிப் பல கம்பிகளை ஒருசேர அழுத்த வேண்டும். அப்புறம் ஏழாம் ஃபிரெட்டில் பாரேயை அழுத்திக்கொண்டே சுண்டுவிரல் பதினோராம் ஃபிரெட்டை எட்ட வேண்டும். மைனர் ஸ்வர வரிசையிலிருந்து மேஜர் ஸ்வர வரிசைக்கு மாறும் இரண்டாம் பகுதி அதைவிடக் கடினம். என் ஆசிரியர் அதைத் தொடவே விடவில்லை. "அது இருக்கட்டும் சார், முதல்ல சோர் வாசிங்க" என்று இசையமைப்பாளர் ஃபெர்னாண்டோ சோரைக் காட்டினார். என்னைவிடப் பல வயது இளையவர், ஆனால் இதில் பிடிவாதமாக இருந்தார். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் மாட்டியிருந்தவை பெரும்பாலும் இரும்புக் கம்பி கிட்டார்கள். நைலான் கம்பி போட்டது வேண்டும் என்று தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும். இரும்புக் கம்பி கிட்டாரில் நைலான் கம்பி மாட்டினால் அது கிளாசிக்கல் கிட்டார் ஆகிவிடாது. கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து, நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் கட்டை) இருக்கும் இடத்தில் சுமார் 52 மில்லிமீட்டர் அகலம். கம்பிகளுக்கு நடுவே வலதுகை விரல்கள் தனித்தனியாகப் புழங்க அந்த இடைவெளி தேவை. புதிய நைலான் கம்பி முதல் சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும், சுருதி இறங்கும். அதற்காகக் கருவியைக் குறை சொல்லாதீர்கள். இடது காலுக்கு ஒரு உயரம் வேண்டும். நான் இரண்டு மணைகளை அடுக்கி வைத்துக்கொண்டேன், அதுவே போதுமாக இருந்தது.

முதலில் வந்தது ஃபெர்னாண்டோ சோரின் ஓபஸ் 60 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்). சோர் 1778-இல் பார்சிலோனாவில் பிறந்து 1839-இல் பாரிஸில் இறந்தவர். கடைசிக் காலத்தில், கிட்டாரை முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கென்றே இந்த 25 பாடங்களை எழுதினார். முதல் பாடம் சி மேஜரில் ஒற்றை வரி மெட்டு. ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஸ்வரம். கார்டு (பல ஸ்வரங்கள் ஒருசேர ஒலிப்பது) கிடையாது, வேகம் கிடையாது. வலதுகை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட வேண்டும், ஒரே விரல் இரண்டு முறை வரக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் கேட்டுப் பாருங்கள், அது பயிற்சி போல ஒலிக்காது. கேள்வியும் பதிலுமாக வாக்கியம் வாக்கியமாகப் போகும், மூச்சு விட இடம் இருக்கும். தொடக்கக்காரன் கையிலேயே ஒரு முழு இசையைக் கொடுத்துவிடுகிறார் மனிதர். இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதோடு கூடவே மௌரோ ஜூலியானியின் வலதுகைப் பயிற்சிகளும் ஓடின. அவருடைய ஓபஸ் 1-இல் 120 பயிற்சிகள் உண்டு. எல்லாவற்றிலும் இடதுகைக்கு சி, ஜி ஏழு என்ற இரண்டே கார்டுகள்தான். மாறுவதெல்லாம் வலதுகை விரல்களின் வரிசை. நம் ஊரில் சரளி வரிசை செய்கிற வேலையை இது செய்கிறது. நான் முதல் பத்துப் பன்னிரண்டை மட்டும் எடுத்து, தாளம் தட்டும் மெட்ரோனோமை மெதுவாக வைத்து, தினமும் வாசித்தேன்.

உண்மையான பாடம் இரண்டு குரல்கள் சேரும்போதுதான் ஆரம்பித்தது. ஓபஸ் 60-இல் சில பாடங்கள் தாண்டியதும் கீழே பாஸ், அதாவது தாழ்ந்த ஸ்வரங்களின் வரி, நுழைகிறது. காருல்லியும் கார்க்காசியும் தங்கள் பாடமுறை நூல்களில் எழுதிய சின்னச் சின்ன வால்ட்ஸ்களும் ஆந்தாந்தினோ என்ற மிதவேக உருப்படிகளும் இந்தக் கட்டத்துக்கு மிகப் பொருத்தம். பெரும்பாலும் சி மேஜர், ஏ மைனர். பல பக்கங்களில் முதல் மூன்று ஃபிரெட்டைத் தாண்டவே வேண்டியதில்லை. பார்வைக்கு எளிமை. நான் வாசித்து முடித்ததும் ஆசிரியர், "மெட்டு கேக்குது சார், பாஸ் எங்க போச்சு?" என்றார்.

அவர் கேட்டது இதைத்தான். ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டில் சி என்ற பாஸ் ஸ்வரம், மூன்று எண்ணிக்கைக்கு நீடிக்க வேண்டும் என்று தாளில் இருக்கிறது. மோதிர விரல் அதை அழுத்தியபடியே இருக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டை வாசிக்க வேண்டும். விரல் கொஞ்சம் தளர்ந்தாலும், பக்கத்துக் கம்பியைத் தொடும் விரல் சாய்ந்தாலும், பாஸ் பாதியில் செத்துவிடும். திறந்த கம்பியில் வரும் பாஸுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். ஆறாம் கம்பியின் ஈ, வேலை முடிந்த பிறகும் அடுத்த கார்டுக்குள் புகுந்து ஒலித்துக்கொண்டிருக்கும். கட்டைவிரலைத் திருப்பி வைத்து அதை அணைக்க வேண்டும். எப்போது மீட்டுவது என்பதைப் போலவே எப்போது நிறுத்துவது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிய வேலை. நாம் ஒரு மெட்டை அதன் கமகத்தோடு பின்தொடரப் பழகியவர்கள், கீழே சுருதி நிலையாக நிற்கும். இங்கே கீழே இருப்பதும் நகர்கிறது, அதற்கும் ஒரு மெட்டு இருக்கிறது. நான் செய்தது இதுதான்: பாஸ் வரியை மட்டும் தனியாகக் கட்டைவிரலால் வாசித்தேன், வாசித்துக்கொண்டே வாயால் பாடினேன். பிறகு மேல் மெட்டை வாசித்துக்கொண்டு பாஸைப் பாடினேன். கஷ்டம்தான். ஆனால் இரண்டும் ஒருங்கே காதில் விழுந்த அன்று, பதினாறு அளவுகள் (தாளச் சுற்றுகள்) கொண்ட அந்தச் சின்ன வால்ட்ஸ் இரண்டு பேர் பேசிக்கொள்வதாக மாறிவிட்டது. சோர் சிறுவயதில் மொன்செராட் மடாலயத்தின் பாடகர் குழுவில் பயின்றவர், 1797-இலேயே பார்சிலோனாவில் ஓபரா அரங்கேற்றியவர். கிட்டாரில் அவர் எழுதும்போதும் குரல்கள் குரல்களாகவே நடக்கின்றன. எளிய பாடத்திலும் அப்படித்தான்.

இதனால்தான் ஐந்து கோடுகளில் ஸ்வரம் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் கற்றுக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்துவேன். டேப் என்ற எண் குறிப்பு முறை எந்தக் கம்பி, எந்த ஃபிரெட் என்று சொல்லிவிடும். எந்த ஸ்வரம் எந்தக் குரலைச் சேர்ந்தது, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது அதில் சரியாகத் தெரியாது. ஸ்டாஃபில் மெட்டு ஸ்வரக் குறிகளின் காம்பு மேல்நோக்கியும் பாஸின் காம்பு கீழ்நோக்கியும் இருக்கும். ஒரே பார்வையில் இரண்டு மனிதர்கள் தெரிவார்கள்.

நகம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வலதுகையில் விரல் நுனியைக் கொஞ்சம் தாண்டும் அளவு வளர்த்து, மிக நைசான உப்புத்தாளில் ஓரத்தை வழுவழுப்பாக்கிக்கொள்கிறேன். இடதுகையில் ஒட்ட வெட்டிவிட வேண்டும். நகம் வளர்க்க முடியாத வேலையில் இருப்பவர்கள் தயங்க வேண்டாம். சோர் நகமில்லாமல் வாசித்தவர், அவருடைய நண்பர் அகுவாடோ நகத்தோடு வாசித்தவர். இருவரும் சேர்ந்து வாசிக்கவென்றே சோர் ஒரு இரட்டைக் கிட்டார் படைப்பு எழுதியிருக்கிறார்.

அடுத்து வந்தது சோரின் ஓபஸ் 35-இல் 22-ஆம் எண், பி மைனர். கிட்டார் மேதை செகோவியா 1945-இல் தொகுத்த இருபது பயிற்சிகளில் இது ஐந்தாவது. இதை முழுத் தொடக்கநிலை என்று சொல்லமாட்டேன். ஆனால் முன்னே சொன்னவற்றை ஒழுங்காக முடித்தவருக்கு எட்டும் தூரம்தான். மேலே மெட்டு, நடுவில் உடைத்து வாசிக்கும் கார்டு, அடியில் பாஸ் என மூன்று அடுக்கு. முழுக்க ஒரே அசைவில் ஓடுவதால், மெட்டு ஸ்வரத்தை மட்டும் சற்றே அழுத்தித் தூக்கிக் காட்டாவிட்டால் எல்லாம் ஒரே கஞ்சியாகிவிடும். இரண்டாம் ஃபிரெட் பாரேதான் இதில் பெரிய சுவர். ஆசிரியர் சொன்ன வழி எனக்குப் பலித்தது: ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கமாக லேசாகச் சாய்த்து, பிடிக்கும் பலத்தைக் கையின் எடையிலிருந்து எடுப்பது. எந்தக் கம்பிகள் உண்மையில் ஒலிக்க வேண்டுமோ அவற்றை மட்டும் கவனித்தால் போதும், ஆறும் கேட்க வேண்டியதில்லை. வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும். பாரே உள்ள அளவுகளை மட்டும் தனியாகப் பிரித்து, தினமும் கொஞ்ச நேரம், அதற்கு மேல் இல்லை. மாதக்கணக்கில் ஆனது. ஆகட்டும் என்று விட்டேன்.

இப்போது ஸ்பானிஷ் இசையமைப்பாளர் தாரெகாவின் லாக்ரிமா என்ற உருப்படியில் இருக்கிறேன். ஈ மேஜரில் தொடங்குகிறது. முதல் கம்பியும் நான்காம் கம்பியும் ஜோடியாக மேலேற, நடுவே இரண்டாம் கம்பி திறந்தபடி ஒலிக்கும். அந்த முதல் அளவுகளை வாசிக்கும்போது வரும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஈ மைனருக்குத் திரும்பும் இரண்டாம் பகுதி இன்னும் கையில் உட்காரவில்லை. ரொமான்ஸ் அதற்குப் பிறகு.

தாள்கள் வேண்டுபவர்களுக்கு: சோர், காருல்லி, கார்க்காசி, ஜூலியானி, தாரெகா எல்லோருமே பதிப்புரிமை முடிந்தவர்கள். ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இசைத்தாள் இணையதளத்தில் பழைய பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய அச்சில் விரல் குறிப்புகள் குறைவாக இருக்கும். ஓபஸ் 60-க்கு மட்டுமாவது விரல் எண்கள் போட்ட ஒரு நவீன பதிப்பை வாங்கி, பக்கத்தில் பென்சில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.