ஓர்வாலுடன் ஐந்து ஆண்டுகள்: நிலவறையில் பீரை முதிர வைத்துப் பார்த்த அனுபவம்

பெல்ஜியத்தின் நமூர் நகரில் நாங்கள் வாடகைக்கு எடுத்த பழைய வீட்டின் அடியில், செங்கல் வளைவுக் கூரையும் மண் தரையும் கொண்ட சிறிய நிலவறை ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் நிலக்கரி கொட்டி வைத்த இடம் அது. நாங்கள் வந்தபோது உடைந்த நாற்காலி ஒன்றைத் தவிர அங்கே எதுவும் இல்லை. சுவரில் வெப்பமானியைத் தொங்கவிட்டு ஓராண்டு முழுவதும் குறித்துப் பார்த்ததில், ஜனவரியில் 8 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை, ஆகஸ்டில் 15 டிகிரிக்கு மேலே ஏறவில்லை. வெளிச்சம் புகுவதற்கு ஒரு துவாரம்கூட இல்லை. பீரை முதிர வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வாய்க்காது என்று தோன்றிய அன்றுதான் இந்த முயற்சி தொடங்கியது.

பீரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைச் சொல்வார்கள்: சாராயச் சத்து எட்டு விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் வைத்துக் குடிக்கலாம், அதற்குக் கீழே என்றால் வாங்கிய கையோடு குடித்துவிட வேண்டும். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் 6.2 விழுக்காடு மட்டுமே கொண்ட, ஓர்வால் என்னும் பெல்ஜிய மடாலயப் பீரின் சீட்டில், புட்டியில் அடைத்த நாளும், அதிலிருந்து சரியாக ஐந்து ஆண்டு கழித்து வரும் காலாவதி நாளும் அருகருகே அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அந்த ஐந்து ஆண்டில் புட்டிக்குள் என்னதான் நடக்கிறது என்பதை நாவால் அறிய வேண்டும் என்று விரும்பினேன்.

ஓர்வால் மடாலயம் பெல்ஜியத்தின் தென்கோடியில், பிரெஞ்சு எல்லைக்கு அருகே கோம் பகுதியில் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இடிபட்டுக் கிடந்த மடத்தை 1926-இல் மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். அந்தப் பணிக்குப் பொருள் சேர்ப்பதற்காக 1931-இல் மதில்களுக்குள்ளேயே பீர் வடிக்கும் ஆலையை நிறுவினார்கள். மடத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஆன்ரி வாஸ் என்பவரே, இன்றும் அந்தப் பீரை ஊற்றிக் குடிக்கும் அகன்ற வாய்க் கிண்ணத்தையும் வரைந்தவர். சீட்டில் மோதிரத்தைக் கவ்விய மீன் ஒன்று இருக்கும். ஊற்றில் தவறவிட்ட திருமண மோதிரத்தை ஒரு மீன் மேலே கொண்டுவந்து தந்தது என்றும், அதனால் சீமாட்டி மத்தில்ட் அந்த இடத்தைப் 'பொன் பள்ளத்தாக்கு' என்று அழைத்தார் என்றும் கதை சொல்கிறார்கள்.

இந்தப் பீரின் தனித்தன்மை இரண்டு செயல்களில் இருக்கிறது. முதல் நொதித்தல் முடிந்தபின் உலர்ந்த ஹாப்ஸ் பூக்களை அதில் ஊற வைக்கிறார்கள். இதனால் கசப்பு கூடுவதைவிட மணம்தான் கூடுகிறது. பிறகு பிரெட்டனோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்ட்டைச் சேர்த்துப் புட்டியில் அடைக்கிறார்கள். 1904-ஆம் ஆண்டில் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் இருந்த கிளாவ்சன் என்பவர், நாட்பட்ட ஆங்கில ஏல் பீர்களில் இந்த ஈஸ்ட்டைக் கண்டறிந்து, அது பிரிட்டனுக்குரியது என்ற பொருளில் அந்தப் பெயரைச் சூட்டினார். வழக்கமான ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவிடும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை இது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தின்கிறது. தின்னத் தின்ன இனிப்பு குறைகிறது, நுரை கூடுகிறது, சாராயச் சத்தும் சீட்டில் உள்ள அளவைச் சற்றுத் தாண்டுகிறது. தோல், வைக்கோல், கிராம்பு ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் பிறக்கின்றன. கூடவே, புட்டிக்குள் தப்பி நுழைந்த ஆக்சிஜனையும் உயிருள்ள ஈஸ்ட் பெருமளவு உறிஞ்சிவிடுகிறது. பீருக்கு வயதாகும்போது எழும் நனைந்த அட்டை வாடைக்கு மூலகாரணம் ஆக்சிஜன்தான் என்பதால், இந்தப் பணி சிறிதன்று.

2019 அக்டோபரில் அடைத்த பெட்டி ஒன்றை நவம்பர் தொடக்கத்தில் வாங்கினேன். இருபத்து நான்கு புட்டிகளும் ஒரே நாளில் அடைக்கப்பட்டவையா என்று கடையிலேயே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். பதினான்கை நிலவறையில் நிற்க வைத்தேன். ஐந்தைக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்தேன். மற்ற ஐந்தைச் சமையலறையின் மேல்தட்டில், வெளிச்சம் படாத அலமாரிக்குள் வைத்தேன். புட்டிகளைப் படுக்க வைக்காததற்குக் காரணம் உண்டு: நிற்கும் புட்டியில் ஈஸ்ட் அடியில் சீராகப் படியும், ஊற்றும்போது கலங்காது.

முதல் புட்டியை வாங்கிய வாரத்திலேயே திறந்தேன். செம்பொன் நிறம், அதன் மேல் மேடும் பள்ளமுமாக வெண்ணுரை. நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினால் தெறிக்கும் எண்ணெயின் மணம், மிளகு, சிறிது பச்சிலை. கசப்பு நேராக வந்து நாவின் பின்பகுதியில் நின்றது. அதற்கு முன்னே மெல்லிய தேன் இனிப்பு ஒன்று நின்று கசப்பைத் தாங்கிக்கொண்டது. மிக நல்ல பீர்தான். ஆயினும் அந்த இனிப்பும் அந்தப் பழத்தோல் மணமும் இனி நாளுக்கு நாள் குறையப்போகிறவை என்பதை அறிந்தே குடித்தேன்.

2020 ஏப்ரலில், ஆறாம் மாதத்தில், நிலவறைப் புட்டி வேறொன்றாகியிருந்தது. ஹாப்ஸின் மணம் பாதியாக அடங்கி, அந்த இடத்தில் மழை ஓய்ந்த பிறகு தொழுவத்தில் கிடக்கும் வைக்கோலின் மணம் எழத் தொடங்கியிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று மறைக்காமல் இருந்ததுதான் அந்தப் பருவத்தின் அழகு. பெல்ஜிய மதுக்கூடங்கள் சிலவற்றில் ஓர்வால் கேட்டால் 'இளையதா, முதிர்ந்ததா' என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எத்தனை பொருள் உண்டு என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

ஓராண்டில், 2020 அக்டோபரில், காட்டு ஈஸ்ட் முழுதும் கை ஓங்கியிருந்தது. மூடியைத் திறந்தவுடன் கழுத்துவரை நுரை ஏறியது. முந்தைய இனிப்பின் சுவடே இல்லை. பழைய தோல் பையின் மணம், உலர்ந்த எலுமிச்சையின் லேசான புளிப்பு, இறுதியில் நாவை உலர்த்திவிடும் துவர்ப்பு. என் மனைவிக்கு ஆறாம் மாதத்துப் புட்டி பிடித்திருந்தது, இது பிடிக்கவில்லை. எனக்கோ இந்த ஓராண்டுப் புட்டிதான் முழுமையான ஓர்வாலாகத் தோன்றியது. இன்றுவரை அந்தக் கருத்து மாறவில்லை.

குளிர்பெட்டியில் இருந்ததை அதே நாளில் பக்கத்தில் வைத்துக் குடித்தபோது கிடைத்த பாடம் முக்கியமானது. அதற்கும் ஓராண்டு வயதுதான்; சுவையிலோ அது மூன்று நான்கு மாதத்துப் பீரைப் போலவே இருந்தது. 4 டிகிரியில் பிரெட்டனோமைசிஸ் ஏறக்குறைய உறங்கிவிடுகிறது. இளமைச் சுவையை விரும்புகிறவர் ஓர்வாலைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். அங்கே அது முதிரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

சமையலறைப் புட்டிகள் ஓராண்டுவரை ஏமாற்றவில்லை. சொல்லப்போனால் நிலவறையில் இருந்தவற்றை முந்திக்கொண்டு முதிர்ந்தன. கெடுதல் பிறகுதான் வந்தது. 2022 ஜூலையில் ஐரோப்பாவே தகித்த அந்த வாரத்தில் எங்கள் மேல்தட்டு அலமாரிக்குள் 31 டிகிரி காட்டியது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இத்தகைய வேதிவினைகள் இரு மடங்கோ அதற்கும் மேலோ விரைவுபடும் என்று பள்ளியில் படித்ததைப் புட்டி வடிவில் பார்த்தேன். அக்டோபரில் திறந்தபோது நுரை எழுந்து உடனே விழுந்தது. முதல் வாயிலேயே நனைந்த அட்டை, அடுத்த வாயில் சோயா சாற்றைப் போன்ற உப்புக் கலந்த இறைச்சி வாடை. ஈஸ்ட் இறந்து தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும்போது வரும் வாடை அது. எஞ்சிய இரண்டையும் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்ற நேர்ந்தது. பிழை முழுவதும் என்னுடையது. மேல்தட்டில் வெப்பம் தங்கும் என்பதை முன்பே எண்ணியிருக்க வேண்டும்.

இந்த ஆண்டுகளில் சாராயச் சத்து மிகுந்த சில பீர்களையும் ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் வைத்திருந்தேன். அவற்றில் ரோஷ்ஃபோர் 10 எனக்கு மிகப் பிடித்தது. பெயரில் உள்ள பத்து, பழைய பெல்ஜிய அடர்த்தி அளவிலிருந்து வந்தது. சாராயச் சத்து 11.3 விழுக்காடு. புதிதாக இருக்கும்போது தொண்டையில் சாராயச் சூடு தனியாகத் தெரியும். மூன்று ஆண்டு நிலவறையில் இருந்தபின் அந்தச் சூடு கரைந்து, கருப்பட்டிப் பாகு, உலர்ந்த அத்தி, பேரீச்சை, சற்றே சுக்கு என ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தது. இங்கே முதிர்ச்சியை நடத்துவது காட்டு ஈஸ்ட் அன்று, மெதுவான ஆக்சிஜனேற்றம்தான். கெட்ட பீரில் அட்டை வாடையைத் தருகிற அதே ஆக்சிஜன், அடர்ந்த கரிய பீரில் ஷெர்ரி மதுவை ஒத்த சுவையைத் தருகிறது. அதனால் 'வலிமையான பீர்தான் முதிரும்' என்ற பேச்சு பொய்யில்லை, பாதி உண்மை. அடர்த்தி ஒரு வழி, புட்டிக்குள் வாழும் உயிர் இன்னொரு வழி.

ஷிமே நீலமும் அந்த முதல் வழியைச் சேர்ந்தது. 1948-இல் கிறிஸ்துமஸ் பீராகப் பிறந்த இந்த 9 விழுக்காட்டுப் பீரின் பெரிய புட்டிகளில் ஆண்டு அச்சிடப்பட்டிருப்பதால் கணக்கு வைப்பது எளிது. நான்காம் ஆண்டில் அது மென்மையாக இருந்தது. ஆனால் இரண்டாம் ஆண்டைக் காட்டிலும் மேலாக இருந்தது என்று சொல்ல என் நாக்கு இடம் கொடுக்கவில்லை. பிரஸ்ஸல்ஸில் கந்திலோன் ஆலை வடிக்கும் கோஸ் வகைப் பீரை ஒரே ஒரு முறைதான் நான்கு ஆண்டு வைத்தேன். லாம்பிக் என்னும் புளிப்புப் பீரில் ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு வயதானவற்றைக் கலந்து அடைப்பது என்பதால் அது புட்டிக்குள் போகும்போதே வயது முதிர்ந்தது. அதன் புளிப்பு கூர்மை குறைந்து ஆழம் கூடியிருந்தது. அதைத் தனியே எழுத வேண்டும்.

ஹாப்ஸ் மணத்துக்காகவே வடிக்கப்படும் ஐபிஏ வகையை வைத்துப் பார்த்ததைப் பற்றி ஒரு வரி போதும்: ஆறு மாதத்தில் மாம்பழ மணம் போய் வெங்காய வாடை மிஞ்சியது. அவ்வகைப் பீரை வாங்கினால் குளிரில் வைத்து அந்த மாதமே குடித்துவிடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் ஒளி பட்டால் உடைந்து, கந்தகத்துடன் சேர்ந்து, ஸ்கங்க் என்னும் அமெரிக்க விலங்கின் நாற்றத்தை ஒத்த ஒரு சேர்மத்தை உண்டாக்குகின்றன. பழுப்புக் கண்ணாடி இதைப் பெரிதும் தடுக்கும். பச்சைக் கண்ணாடியால் அவ்வளவு இயலாது. கடையின் சன்னலோரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பச்சைப் புட்டி ஒன்றை ஒரு முறை ஆசையால் வாங்கிவிட்டு, வீட்டில் திறந்தவுடனேயே மூடி வைத்தேன்.

2024 அக்டோபர், சீட்டில் அச்சிட்டிருந்த காலாவதி மாதம். மாலை ஆறு மணிக்கு நிலவறைக்குச் சென்று, ஐந்து ஆண்டு அசையாமல் நின்ற புட்டி ஒன்றை, தூசியைக்கூடத் துடைக்காமல், நிற்கும் நிலையிலேயே மேலே கொண்டுவந்தேன். மூடியை முழுவதும் நெம்பாமல் ஒரு பக்கம் மட்டும் தளர்த்தினேன். நீண்ட நேரம் 'ஸ்ஸ்' என்று காற்று வெளியேறியது. கிண்ணத்தைச் சாய்த்து, அதன் சுவரோரமாக மிக மெதுவாக ஊற்றி, அடியில் ஒரு விரல் அளவுக்கு ஈஸ்ட் கலங்கலை விட்டுவிட்டேன். நிறம் சற்று ஆழ்ந்து செம்பு நிறத்தை நெருங்கியிருந்தது. நீரோ பளிங்கைப் போலத் தெளிந்திருந்தது. நுரை அப்போதும் கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே எழுந்து நின்றது.

சுவை மெலிந்திருந்தது உண்மைதான். ஓராண்டில் இருந்த முரட்டுத்தனம் இல்லை. வைக்கோல் மணம் பின்னால் ஒதுங்கி, தேன் இல்லாத தேனடையின் மணம் முன்னே வந்தது. கசப்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. துவர்ப்பு மட்டும் நாவில் நெடுநேரம் தங்கியது. அட்டை வாடை துளியும் இல்லை. கிண்ணம் மெல்ல மெல்ல 14 டிகிரியை எட்டியபோது, கடைசி இரண்டு வாய்களில், முதல் நாள் முகர்ந்த அந்த நார்த்தங்காய்த் தோல் மிக லேசாக, காய்ந்த தோலாக, திரும்ப வந்தது. நான் கற்பனை செய்கிறேனோ என்று ஐயுற்று, ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை மனைவியிடம் நீட்டினேன். முகர்ந்துவிட்டு, "ஊறுகாய்க்குக் காய வைத்த நார்த்தங்காய் மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

நிலவறையில் அந்தப் பெட்டியின் புட்டிகள் இன்னும் மூன்று இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பத்தாம் ஆண்டுவரை தொடக் கூடாது என்று கழுத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். அருகிலேயே 2024 செப்டம்பரில் அடைத்த புதிய பெட்டி ஒன்றும் வந்து சேர்ந்துவிட்டது. இம்முறை சமையலறைக்கு ஒரு புட்டிகூடப் போகவில்லை.