பிசியாலஜி, அனாடமி லேப்: கையேடு சொல்லாமல் விட்ட இடங்கள்

செய்முறைத் தேர்வு ஒருவழியாக முடிந்தது. நிம்மதி ஒரு பக்கம் இருந்தாலும், லேப் கையேட்டின் மேல் உள்ள வருத்தம் இன்னும் தீரவில்லை. 'ரத்தத்தை 0.5 குறிவரை உறிஞ்சி, திரவத்தை 101 வரை நிரப்பவும்' என்று சிவப்பணு எண்ணிக்கைக்கு அதில் ஒரே வரி. ஒரு மதியம் முழுவதும் அந்த ஒரு வரியிலேயே போய்விடும். எண் ஏன் தப்பாக வந்தது என்று கேட்டால், 'மறுபடி செய்' என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். ஆனால் தப்பாக வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு, தேடினால் அது கிடைக்கும். கையேடு விட்ட அந்த இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன். மைக்ரோஸ்கோப்பின் பாகங்கள், எலும்புப் பெயர்கள் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் விரல் குத்துவது. மோதிர விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் துளியாகத் திரளாமல் தோலில் பரவிவிடும், ரத்தம் உறிஞ்சும் பிப்பெட்டுக்குள் பாதி காற்றுதான் போகும். ஸ்பிரிட் கலந்தால் சிவப்பணுக்களும் உடையும். முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். குத்து ஆழமில்லாததால் விரலைப் பிசைந்து ரத்தம் எடுப்பதுதான் எல்லா மேசையிலும் நடக்கும் தப்பு. பிசைந்தால் திசு நீர் கலந்துவிடும். ஹீமோகுளோபின், சிவப்பணு, வெள்ளையணு மூன்றுமே குறைந்து வரும். கை சில்லென்று இருந்தால் வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்துவிட்டு, ஒரே முறை சரியான ஆழத்தில் குத்துவது மேல். குத்தும் ஊசியான லான்செட் ஒன்று ஒருவருக்கு ஒரு முறைதான். குத்தியதும் கூர்முனைக் கழிவுப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள், மேசையில் வைக்கக்கூடாது.

சாலி முறையில் ஹீமோகுளோபின் பார்ப்பது எளிதாகத் தெரியும். குழாயின் அடிக்குறிவரை N/10 ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம், 10 நிமிடக் காத்திருப்பு, பிறகு டிஸ்டில்ட் வாட்டரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பக்கத்திலுள்ள பழுப்புக் கண்ணாடியோடு நிறம் பொருத்துவது. எண் குறைந்து வருவதற்கு முதல் காரணம் அந்த 10 நிமிடத்தைச் சுருக்குவது. ஹீமோகுளோபின் அமிலத்தோடு சேர்ந்து பழுப்பான ஆசிட் ஹெமாட்டினாக மாற நேரம் வேண்டும். 5 நிமிடத்தில் நீர் விட ஆரம்பித்தால் நிறம் முழுதாக எழும்பியிருக்காது, கொஞ்சம் நீரிலேயே பொருந்திவிடும். இரண்டாவது காரணம், பிப்பெட்டின் வெளிப்புறத்தைத் துடைக்கும்போது பஞ்சு முனையில் பட்டு ரத்தத்தை இழுத்துக்கொள்வது. துடைக்காமலே விட்டால் எண் கூடும். ரத்தத்தை அமிலத்தின் அடியில் விட்டபின், அதே அமிலத்தை பிப்பெட்டுக்குள் இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கினால்தான் உள்சுவரில் ஒட்டியிருப்பதும் இறங்கும்.

நிறம் பார்க்கும்போது கண்ணாடிக் கோலைத் திரவத்துக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். திரவத்தில் இருந்தால் நிறம் வெளிறித் தெரியும். குழாயை விட்டே வெளியே எடுத்தால் கோலில் ஒட்டிய திரவம் போய்விடும். அளவுக்கோடு கண்ணுக்கு எதிரே வராதபடி குழாயைத் திருப்பி வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பொருந்தும் கட்டம் நெருங்கியதும் ஒவ்வொரு சொட்டுக்கும் நிறுத்திப் பார்க்க வேண்டும். தாண்டிப் போனால் திரும்ப வழியில்லை, அமிலத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். சதவீத அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் கிராம் அளவையே எழுதுங்கள்.

இனி சிவப்பணு எண்ணிக்கை. அதிக நேரத்தைத் தின்றது இதுதான். பிப்பெட்டின் குமிழுக்குள் உள்ள சிவப்பு மணி தாராளமாக உருள்கிறதா என்று முதலில் ஆட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் உள்ளே ஈரம் இருக்கிறது; அந்த பிப்பெட் வேண்டாம். ரத்தம் 0.5-ஐ மயிரிழை தாண்டினால் முனையை நகத்தில் தொட்டுத் தொட்டு இறக்கலாம். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் ஹேயம் திரவம் 101-ஐத் தாண்டினால் சரிசெய்ய முடியாது, கொட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஹேயம் திரவத்தில் மெர்க்குரிக் குளோரைடு இருக்கிறது, அது நஞ்சு. வாயால் உறிஞ்சும் பழக்கம் எந்த லேபில் இருந்தாலும் அதற்கு இணங்காதீர்கள், ரப்பர் பல்ப் கேட்டு வாங்குங்கள்.

0.5-லிருந்து 101 வரை நிரப்பினால் நீர்ப்பு 202 மடங்குதானே, ஏன் 200 என்கிறார்கள் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். தண்டில் நிற்கும் கடைசி 1 பாகத்தில் வெறும் திரவம்தான் இருக்கும், ரத்தம் கலப்பது குமிழிலுள்ள 100 பாகத்தில்தான். 100-ல் 0.5 என்றால் 200 மடங்கு. முதல் சில சொட்டுகளைக் கொட்டச் சொல்வதும் இதனால்தான். அதை மறந்து சேம்பரை, அதாவது எண்ணுவதற்கான கட்டங்கள் பொறித்த கண்ணாடித் தட்டை, நிரப்பியவர்கள், வெறும் கட்டங்களைப் பார்த்துவிட்டு மைக்ரோஸ்கோப் பழுது என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நியூபாயர் சேம்பரின் கோடுகளே தெரியவில்லையா? வெளிச்சம் அதிகம். கண்டென்சரை இறக்கி, டயாஃப்ரத்தை ஒடுக்கி, 10x-ல் தேடுங்கள். கோடுகள் உடனே எழும்பி வரும். சேம்பருக்கென்று வரும் தடித்த கவர்ஸ்லிப்பையே போட வேண்டும். அது உடைந்துவிட்டது என்று சாதாரண மெல்லிய கவர்ஸ்லிப்பைத் தருவார்கள். அது வளையும், 0.1 மில்லிமீட்டர் ஆழம் என்ற கணக்கே அதோடு கெட்டுவிடும். நிரப்பும்போது பக்கத்துப் பள்ளத்தில் திரவம் வழிந்தாலோ, உள்ளே குமிழ் நின்றாலோ, கழுவித் துடைத்து மறுபடி நிரப்புங்கள். 'கொஞ்சம்தானே' என்று எண்ண ஆரம்பித்தால் அந்த எண்ணிக்கை எதற்கும் உதவாது. நிரப்பியபின் அணுக்கள் படிய இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள்.

எண்ணுவது நடுச் சதுரத்தில் 5 தொகுதி, அதாவது 80 சிறு கட்டங்கள். இடது கோட்டையும் மேல் கோட்டையும் தொடும் அணுக்களைச் சேர்த்து, வலது கோட்டையும் கீழ்க் கோட்டையும் தொடுபவற்றை விட்டுவிடுங்கள். வேறு இரு பக்கங்களைச் சேர்க்கச் சொல்லிக்கொடுத்திருந்தாலும் சரிதான், ஆனால் பாதியில் மாற்றக்கூடாது. ஒரு சிறு கட்டத்தின் கொள்ளளவு 4000-ல் 1 கன மில்லிமீட்டர், 80 கட்டம் 50-ல் 1, நீர்ப்பு 200, ஆக, எண்ணியதை 10,000-ஆல் பெருக்க வேண்டும். 480 வந்தால் 48 லட்சம். வெள்ளையணுவுக்கு நான்கு மூலைச் சதுரங்கள், நீர்ப்பு 20, பெருக்கம் 50. அங்கே வருகிற தொல்லை தூசியை வெள்ளையணு என்று எண்ணிவிடுவது. வெள்ளையணுவுக்கான டர்க் திரவத்திலுள்ள ஜென்ஷியன் வயலெட் சாயம் உட்கருவை நீலமாக்கும். ஃபோகஸை லேசாக அசைக்கும்போது உள்ளே நீல உட்கரு தெரிந்தால் அது அணு. வெறும் கறுப்பாகவே மின்னினால் தூசி.

ஸ்லைடில் ரத்தத்தை மெல்லியதாகப் பரப்பிச் சாயமேற்றும் ரத்தப் பூச்சில் ஒரு மனக்குறை உண்டு. லீஷ்மன் சாயத்துக்கு வேண்டிய pH 6.8 பஃபர் (அமில-கார நிலையை மாறாமல் வைக்கும் கரைசல்) தீர்ந்துபோய், 'டிஸ்டில்ட் வாட்டரே போதும்' என்று பாட்டிலை நீட்டினார்கள். டிஸ்டில்ட் வாட்டர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து அமிலத்தன்மை பெற்றுவிடும். அதனால் பூச்சு முழுவதும் சிவந்து, வெள்ளையணுக்களின் உட்கரு வெளிறி நின்றது. நியூட்ரோஃபிலா, மோனோசைட்டா என்று பிரிக்கவே முடியவில்லை. நீர் காரமாக இருந்தால் எல்லாம் நீலமாகும். பஃபர் இருக்கிறதா என்று விரல் குத்தும் முன்பே கேளுங்கள். சாயத்தை முதல் 2 நிமிடம் நீர் சேர்க்காமல் விடுவது அதிலுள்ள மெத்தனால் அணுக்களை ஸ்லைடில் நிலைப்படுத்துவதற்காக. அந்த நேரத்தில் சாயம் காய்ந்தால் படிவு விழும், கழுவினாலும் போகாது. ஆயில் இம்மர்ஷனில் ஃபோகஸ் வரவே இல்லையென்றால், ஸ்லைடு தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தால் பூச்சு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ரத்த அழுத்தத்தில் செய்முறையைவிட எழுதும் எண்தான் காட்டிக்கொடுக்கும். பாதரச மானோமீட்டரில் கோடுகள் 2 மில்லிமீட்டருக்கு ஒன்று. 115, 75 என்று எழுதியிருந்தால், கேட்காமல் ஊகித்தது என்று தேர்வாளருக்குத் தெரியும். முதலில் நாடியைத் தொட்டு சிஸ்டாலிக் அளவைப் பிடித்து, அதற்கு மேல் 30 ஏற்றி, விநாடிக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் வேகத்தில் இறக்குங்கள். தொட்டுப் பார்ப்பதைத் தவிர்த்தால், நடுவில் ஒலி மறைந்து மீண்டும் வரும் சிலரிடம் சிஸ்டாலிக் மிகக் குறைவாக வரும். ஒலி தவறிப்போனால் பாதியில் நிறுத்தி மறுபடி ஏற்றாதீர்கள். கை ரத்தத்தால் விம்மி ஒலி மங்கிவிடும். பூஜ்யம்வரை இறக்கி ஒரு நிமிடம் விட்டுவிட்டுத் தொடங்குங்கள். பருத்த கைக்குச் சிறிய கஃப் கட்டினால் எண் கூடித்தான் வரும். ஸ்டெதாஸ்கோப்பின் காதுமுனைகள் முன்நோக்கி இருக்கட்டும். திருப்பி மாட்டிக்கொண்டு 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிற்பவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு.

ஈசிஜி சிக்கலில்லாமல் முடிந்தது. லீட் 1 என்ற பதிவு தலைகீழாக, ஏவிஆர் என்ற பதிவு நிமிர்ந்து வந்தால் வலது கை, இடது கை வயர்கள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

டிசெக்ஷன், அதாவது உடலை அறுத்துப் படிப்பது, வேறு உலகம். அட்லஸில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். ஃபார்மலினில் பதப்படுத்திய உடலில் எல்லாமே பழுப்பும் சாம்பலும்தான். கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். இரு விரலுக்கு நடுவில் உருட்டினால் நரம்பு அமுங்காத திடமான கயிறு. தமனி தடித்த சுவருள்ள குழாய். சிரை தட்டையாக அமுங்கும், உள்ளே கருத்த ரத்தக்கட்டி இருக்கும்.

அதிகம் பாழாவது தோலை உரிக்கும்போதுதான். ஸ்கால்பெல்லை ஆழமாக இறக்கினால் தோலோடு தோல்நரம்புகளும் மேலோட்டமான சிரைகளும் போய்விடும், பிறகு தேடுவதற்கு எதுவும் மிஞ்சாது. தோலுக்குப் பிறகு ஸ்கால்பெல்லுக்கு வேலை குறைவு. மழுங்கிய கத்தரிக்கோலை மூடியபடி கொழுப்புக்குள் செலுத்தி, உள்ளே விரித்து, விரித்தபடியே வெளியே எடுங்கள். நரம்பு ஓடும் திசைக்கு இணையாக விரித்தால் அறாது. பற்களுள்ள ஃபோர்செப்ஸ் தோலுக்கு மட்டும், நரம்பைத் தூக்க மழுங்கியதுதான். அக்குளில் கொழுப்பை அவசரமாக வாரினால் முதலில் அறுவது இண்டர்காஸ்டோபிராக்கியல் நரம்பு.

கைக்கான நரம்புப் பின்னலான பிராக்கியல் பிளெக்ஸஸை மேலிருந்து தேடிப் பலர் களைத்துப் போகிறார்கள். கீழிருந்து போவது எளிது. கொராகோபிராக்கியாலிஸ் தசையைத் துளைத்து நுழையும் மஸ்குலோகியூடேனியஸ் நரம்பைப் பிடியுங்கள். அங்கிருந்து மீடியன் நரம்பின் இரு வேர்கள், பிறகு அல்நார் என்று அக்சில்லரி தமனியின் முன்னால் 'M' வடிவம் விரியும். அது வரவில்லையென்றால் உடனே வெட்டித் தேடாதீர்கள். மஸ்குலோகியூடேனியஸ் அந்தத் தசையைத் துளைக்காமலே போவதும், மீடியனோடு கிளை கொடுத்து இணைவதும் அடிக்கடி காணப்படும் மாறுபாடுகள். டெமான்ஸ்ட்ரேட்டரை அழைத்துக் காட்டுங்கள். அப்படியொரு மாறுபாட்டைச் சேதமில்லாமல் வெளிக்கொண்டுவந்த நாள் எங்கள் மேசையில் எல்லோருக்கும் பெருமைதான்.

முடித்ததும் தோல் மடலைத் திரும்பப் போர்த்தி, ஈரத்துணி சுற்றி மூடுங்கள். ஒருமுறை விரல்நுனிப் பக்கம் காய்ந்து விறைத்துவிட்டால் பிறகு தோலைப் பிரிக்கவே முடியாது. கழித்த கொழுப்பும் தோலும் அந்த உடலுக்கென்று வைத்த தொட்டிக்குத்தான் போக வேண்டும். நாம் கற்பதற்காகத் தன் உடலையே கொடுத்தவர் அவர். அவருடையது ஒரு துணுக்குகூட வேறெங்கும் போகக்கூடாது. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றிலும் சமரசம் வேண்டாம். ஃபார்மால்டிஹைடை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது.

ஆட்டு இதயத்தை வைத்துப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆட்டில் பெருந்தமனி வளைவிலிருந்து தலைக்கும் முன்னங்காலுக்கும் ஒரே பெருங்கிளைதான் புறப்படும், மனிதரில் மூன்று. ஆட்டுக் கண்ணில் பளபளக்கும் டேப்பீடம் என்ற படலம் மனிதக் கண்ணில் கிடையாது. கேள்வி மனித உடலைப் பற்றியது, மேசையில் இருப்பது ஆடு என்பதை மறந்து மதிப்பெண் இழந்தவர்கள் பலர்.

எலும்பு அறைக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது சலிப்பான அனுபவம். சாவி வைத்திருப்பவர் எப்போது இருப்பார் என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். மண்டையோட்டைக் கண்குழிக்குள் விரல்விட்டுத் தூக்காதீர்கள், உள்ளே லாக்ரிமல் எலும்பு காகிதம்போல் மெல்லியது. எந்தப் பக்க எலும்பு என்று கண்டுபிடிக்க ஃபிபுலாதான் அதிகம் குழப்பும். கீழ்முனையில் மூட்டுப் பரப்பு உட்புறம் பார்க்கட்டும். அதன் பின்னால் உள்ள குழியைப் பின்பக்கம் வையுங்கள், பக்கம் தெரிந்துவிடும்.

குண்டூசி குத்திய பாகத்தின் பெயரை எழுதும் ஸ்பாட்டர் தேர்வில் நேரம் போவது பெயர் தெரியாததால் இல்லை, பெயரைப் பாதியாக எழுதுவதால். வலமா இடமா, எந்த அமைப்பு, அதில் எந்தப் பாகம் என்ற வரிசையில் எழுதுங்கள். குண்டூசி குத்தியிருக்கும் இடத்தை மட்டும் உற்றுப் பார்க்காமல், அந்தக் கட்டமைப்பு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று இருபுறமும் கண்ணை ஓட்டுங்கள். ஊசி சரிந்து இரண்டு அமைப்புகளுக்கு நடுவில் நின்றால் தொட்டு நிமிர்த்தாதீர்கள். கையை உயர்த்தி, பதில் எழுதும் முன்பே மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். மணி அடித்து அடுத்த மேசைக்கு நகர்ந்தபின் சொன்னால் யாரும் திருத்த மாட்டார்கள்.